இருளப்பனைத் தனியாக மாட்டிய வருடம்

திருச்சுழிப் பக்கம் படம் வரையப் போவது எப்படி, எந்த மாதம் போகலாம் என்று இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் தை மாதக் கடைசியில் நான் அங்கே போனது படம் வரைவதற்காக அல்ல. வரைந்து முடித்து, பரிசும் வாங்கிய ஒரு படத்தை மாட்டிக்கொள்ள அனுமதி கேட்கப் போனேன்.

முதலில் கடந்த வருடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு மிக நல்ல வருடம். அடக்கம் என்ற பெயரில் இல்லையென்று சொல்வது எனக்குப் பிடிக்காது. எழுபத்தொரு வயதில் மதுரையில் ஒரு குழுக் கண்காட்சியில் என் படங்கள் இரண்டு இடம்பெற்றன. ஆவணியில் சென்னையில் தனிக் கண்காட்சி. அதில் ‘மல்லி மூட்டைமேல் இருளப்பன்’ என்ற எண்ணெய் வண்ணப் படத்துக்கு ஒரு முழுச் சுவரைக் கேட்டு வாங்கினேன். திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் கொத்தமல்லி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் படம் அது. பக்கத்தில் வேறு எதுவும் கூடாது, மேலே ஒரு விளக்கு மட்டும் போதும் என்று காலரி நிர்வாகியிடம் சொன்னேன். அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை. ஐப்பசியில் அதே படத்துக்குப் பரிசு வந்தது.

அடுத்து மாசியில் அருப்புக்கோட்டையில், என் சொந்த ஊரில், முதல் கண்காட்சி. இந்த ஊர் என்னை நூல் கடை முதலாளியின் வீட்டம்மா என்றுதான் அறியும். அவர் காலமாகி மகன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகும் என் பெயர் அதுதான். ஆகவே சென்னையைவிட இது எனக்குப் பெரிய விஷயம். மண்டபம் பேசியாகிவிட்டது. அழைப்பிதழை நானே வடிவமைத்தேன்: நடுவில் இருளப்பன் படம், சுற்றிலும் கறுப்புக் கரை, கீழே தேதி, நேரம், மண்டபத்தின் பெயர். கறுப்பு ஓரம் இருந்தால்தான் வண்ணம் எடுப்பாகத் தெரியும் என்று கான்வென்டில் ஓவியம் கற்றுத்தந்த சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடத்தில் அது தவறாக எனக்குத் தோன்றியதில்லை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மரியாதைக்காக அதன் நகலை இருளப்பனின் மருமகள் செல்விக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அன்று மாலையே போன் வந்தது.

“அம்மா, இருளப்பன் பேசுறேன். என்னயச் சுவத்துல மாட்டுனது போதும். அருப்புக்கோட்டையிலயும் மாட்டுனீகன்னா நானே வந்து கழட்டிப்புடுவேன்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அச்சகக்காரரிடம் சொன்னேன். மறுநாள் மாலை வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் கல்யாணப் பத்திரிகை வேலை இருப்பதாகவும் சொன்னார். அந்தப் படம் இல்லாமல் கண்காட்சி நடத்தலாம்தான். தலை இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு நிற்பதைப் போல இருக்கும். நேரில் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி சுமார் பதினைந்து கிலோமீட்டர். மதுரையிலிருந்து வருபவர்கள் காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்கு வந்து, இங்கே பஸ் மாற வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறினேன். எங்கே போனாலும் கூடவே வரும் பெரிய வரைபலகையும் கையில் இருந்தது.

“என்னம்மா, வீட்டுக் கதவக் கழட்டிக் கொண்டுட்டு வாரீகளா?” என்றார் நடத்துநர்.

“படம் வரையிற பலகை.”

“அப்ப லக்கேஜ் வேணாம். என்னய ஒரு படம் வரைஞ்சு குடுங்க.”

“அசையாம நிப்பீங்களா?”

“இந்த ரோட்டுல பஸ்ஸே அசையாம நிக்காது, நான் எங்கிட்டு நிக்க?” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

காய்ந்த பூமிதானே என்று பழுப்பு வண்ணத்தை மட்டும் எடுத்து வருகிறவர்கள் இந்தப் பாதையில் ஏமாந்துபோவார்கள். காலை வெயிலில் கரிசல் மண் கறுப்பாகவே இருக்காது. உழவுச் சாலின் ஒரு பக்கம் கத்தரிக்காய் நிறம், மறு பக்கம் சாம்பல். தை மாதத்தில் மல்லிச் செடி காய் பிடித்து, பச்சைக்கும் வெளிறிய மஞ்சளுக்கும் நடுவில் நிற்கும். பருத்தி வெடித்த இடங்களில் வெள்ளை. இந்த வருடம் மழை பரவாயில்லை என்பதால் கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது. கரை முழுக்கச் சீமைக் கருவேலம். அதன் பச்சையைப் பிடிப்பதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. மஞ்சளில் துளி கறுப்பைச் சேர்த்துப் பாருங்கள், நீலத்தைத் தொடாதீர்கள்.

திருச்சுழியில் இறங்கினால் தாலுகா ஆபீஸ் பக்கம் டீக்கடைகள் உண்டு. டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னால் குறைத்தே போடுவார்கள். அங்கிருந்து இருளப்பன் ஊர் வீரசோழன் போகும் பாதையில் உள்ளடங்கி இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார், காரணம் பின்னால் புரியும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும் என்று ஆட்டோ பேசினேன். போக, வர, அங்கே காத்திருக்க எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் பாண்டி. யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

“செத்துப் பொழச்சாருல்ல, அந்த இருளப்பன் வீட்டுக்காம்மா?”

உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

“உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கல்லு கணக்கா இருக்காரு. அருப்புக்கோட்டையில யாரோ ஒரு அம்மா அவரப் படமா வரைஞ்சு, கண்ணாடி போட்டுப் பார்சல்ல அனுப்பிவிட்டுச்சாம். கறுப்புச் சட்டம். அத அவரு மருமக கூடத்துல மாட்டிட்டு, படம் நல்லாருக்கேன்னு போன்ல ஸ்டேட்டஸ் வச்சிருச்சு. கீழ ஒரு வார்த்த எழுதல. பாத்தவன் என்ன நெனப்பான்? நானே ரெண்டு கை கும்பிடுற பொம்மையப் போட்டு, ஆழ்ந்த இரங்கல்னு அனுப்பிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, லோடு ஆட்டோவுல மாலையோட கேதத்துக்கு வந்துட்டாக. அவரு அக்கா காளியம்மா, பதினோரு வருசமா இவரோட பேச்சுவார்த்தையே கெடையாது, அந்தம்மாவும் தலைய விரிச்சுப் போட்டுட்டு வந்து முத்தத்துல விழுந்து அழுகுது. இவரு காட்டுலருந்து வாராரு. வந்தவரு, நான் இருக்கேன்னு சொல்லணுமா இல்லையா? வைக்கப்போருக்குப் பின்னாடி நின்னு ஒப்பாரி பூராத்தையும் கேட்டுட்டுத்தான் முன்னாடி வந்திருக்காரு!”

பாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, “யாரும்மா அந்த அருப்புக்கோட்டை அம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன். அவர் என் மடியில் கிடந்த பலகையைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அந்தப் பார்சலை அனுப்பியது நான்தான். எனக்காக உட்கார்ந்து கொடுத்ததற்கு நன்றியாக, பொங்கலுக்கு முன்னால், அசல் அளவில் ஒரு நகலெடுத்து, தேக்குச் சட்டத்துக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு அனுப்பினேன். கிடைத்தது என்று செல்வி சொன்னாள். மற்றதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை போல. அதற்குமேல் நான் அழைப்பிதழையும் அனுப்பியிருக்கிறேன். ஆட்டோவில் போனை எடுத்து அதை மறுபடி பார்த்தேன். கறுப்புக் கரை, நடுவில் மனிதர், கீழே தேதி, நேரம், மண்டபம். கருமாதிப் பத்திரிகைக்கு வேறு என்ன வேண்டும்?

வீட்டில் செல்விதான் முதலில் வந்தாள். “வாங்கம்மா” என்றாள், கண்ணைப் பார்க்காமல். கூடத்துச் சுவரில் இருளப்பனின் அப்பா, இருளப்பனின் மனைவி, இருவர் படங்களும் தனித்தனியாக மாட்டியிருந்தன. மூன்றாவதாக ஓர் ஆணி மட்டும். என் படம் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, துண்டு போர்த்தித் திரும்பி நின்றது.

முற்றத்து வேப்ப மர நிழலில், கால் நீட்டி, எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அவர்தான் காளியம்மாள் என்று செல்வி மெதுவாகச் சொன்னாள். கேதத்துக்கு வந்தவர் அன்று தம்பியைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் திரும்பி வந்தார். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து, பகல் முழுக்க இருந்துவிட்டுப் போகிறார். ஆனால் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கொஞ்ச நேரத்தில் இருளப்பன் தலைத்துண்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“வாங்க. கோவம் வேற, காப்பி வேற. செல்வி, அம்மாவுக்குக் காப்பி போடு.”

காப்பி குடித்து முடித்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருவதில்லை, ஆனாலும் முழு வாக்கியத்தில் கேட்டேன். அழைப்பிதழிலிருந்து கறுப்புக் கரையை எடுத்துவிடுகிறேன், படத்துக்குச் சட்டத்தையும் மாற்றிவிடுகிறேன், மாட்டிக்கொள்ள மட்டும் அனுமதி வேண்டும் என்றேன்.

“மெட்ராஸ்ல மாட்டுனீக, நான் ஏதாச்சும் சொன்னேனா? அங்க என்னய யாருக்குத் தெரியும்? அருப்புக்கோட்டை அப்படியா? முப்பது வருசமா அங்கதான் மல்லி போடுறேன். கமிசன் கடையில பூராம் தெரியும். ஏற்கெனவே ரெண்டு பேரு போன் பண்ணி, எங்க மகன்கிட்ட, அப்பா எப்படிப்பா எறந்தாருன்னு கேட்டுட்டாக. நான் பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறேன்.”

முற்றத்திலிருந்து குரல் வந்தது. “செல்வி, உங்க மாமாகிட்டச் சொல்லு. ஒளிஞ்சு நின்னு ஒப்பாரி கேக்கத் தெரிஞ்சவருக்கு, உசிரோடதான் இருக்கேன்னு போன்ல சொல்லத் தெரியலையான்னு கேளு.”

“செல்வி, உங்க பெரியம்மாகிட்டச் சொல்லு” என்றார் இருளப்பன், அதே உரத்த குரலில். “ராசா, தங்கம், எங்கூடப் பொறந்த சிங்கம்னு அழுதாளே, அதுல ஒத்த வார்த்த நான் உசிரோட இருக்கப்ப சொல்லியிருக்காளா?”

“எப்படிச் சொல்றது? எம் மக கல்யாணத்துக்கு வராம வீட்டுல படுத்துக்கிட்டவனுக்குச் சிங்கம்னு பட்டம் குடுக்கவா?”

“தாய்மாமன் பேரப் பத்திரிகையில நாலாவதாப் போட்டா எவன் வருவான்?”

செல்வி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பேச்சைப் படத்துக்கு இழுத்தேன். சென்னையில் இந்தப் படத்துக்கு ஒரு சுவரையே தனியாகக் கொடுத்தார்கள், அது எல்லாப் படத்துக்கும் கிடைக்கிற மரியாதை அல்ல என்று சொன்னேன். பெருமையோடுதான் சொன்னேன்.

இருளப்பன் கூடத்துச் சுவரைக் காட்டினார். “எங்கப்பாவப் பாருங்க. எம் பொண்டாட்டியப் பாருங்க. தனியா இருக்காக. இந்தப் பக்கம் பாருங்க, எம் மகன் கல்யாணப் படம், காதுகுத்துப் படம். எத்தன பேரு, ஒருத்தன் மண்ட இன்னொருத்தன் மேல. செத்தவுகதான் சுவத்துல தனியா நிப்பாக. உசிரோட இருக்கவுக கூட்டத்தோட இருப்பாக. தனிச் சுவருன்னு சொல்றீக. அதான் தப்பு.”

எனக்குப் பதில் இருந்தது. கோடு, வெளி, பார்வை ஓடும் திசை என்று எவ்வளவோ சொல்லலாம். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் என் கணவர் படம் ஒன்றுதான் இருக்கிறது, சுவரில் தனியாக. அதை நானே ரசமட்டம் வைத்து மாட்டினேன்.

பிறகு கேட்டேன். “பக்கத்துலயே ஒட்டினாப்ல இன்னொருத்தர் படம் இருந்தா?”

“இருந்தா மாட்டுங்க. நான் எதுக்கு வேணாம்னு சொல்றேன்?”

“யார் படம்?”

“யாரோ ஒருத்தர்” என்றார். ஆனால் முற்றத்துப் பக்கம் பார்க்கவே கூடாது என்பதுபோலக் கழுத்தை வைத்துக்கொண்டார்.

காளியம்மாளிடம் போய்க் கேட்டேன். “எனக்கென்ன வந்துச்சு? நான் செத்தா போனேன், என்னய மாட்டுறதுக்கு?” என்றார். செத்தவர் அல்ல என்று காட்டத்தான் என்றேன். யோசித்தார். “அவன் பக்கம் திரும்பி உக்கார மாட்டேன்.” சரி என்றேன். “சிரிக்கவும் மாட்டேன்.” அதற்கும் சரி என்றேன். “வெயில் சாயுறதுக்குள்ள முடிச்சிருவீகளா? எனக்கு நாலு மணி பஸ்ஸு.”

என் விதிகள் சில உண்டு. வாடகை ஆட்டோவைக் காக்க வைத்துக்கொண்டு வரைவதில்லை. எண்ணெய் வண்ணத்துக்குப் பக்கத்தில் பேஸ்டல் வண்ணக்கட்டியால் வரைந்த படம் மாட்டுவதில்லை. அன்று எல்லாமே போயிற்று. கையில் இருந்தது பேஸ்டல் பெட்டி மட்டும்தான். மல்லி மூட்டைமேல் காளியம்மாளை உட்கார வைத்தேன். வீட்டுக்கு முதுகைக் காட்டி, கண்மாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அசையாமல் இருங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, தம்பியின் குற்றங்களைக் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். தம்பி அவற்றை உள்ளேயிருந்து மறுத்தார். மூக்கை நான்கு தடவை வரைய வேண்டியிருந்தது. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும், உள்ளேயிருந்து குரல் வரும்போதெல்லாம் காது மட்டும் பின்னால் நகர்வதுபோல எனக்குத் தோன்றியது. அதை வரைவதற்கு வழியில்லை.

முடித்ததும் வந்து பார்த்தார். “கழுத்துல சங்கிலி போடலையே?”

“நீங்க போட்டிருக்கல.”

“போட்டிருக்கலன்னா என்ன, உங்களுக்கு வரையத் தெரியாதா?” என்றார். சங்கிலி வரைந்தேன். என் வாழ்க்கையில் இல்லாத ஒன்றைப் படத்தில் வரைந்தது அதுதான் முதல் தடவை.

பாண்டி எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார். காளியம்மாளைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, நான் மாலைக்குள் அருப்புக்கோட்டை வந்துவிட்டேன். அழைப்பிதழின் கரையை அச்சகத்தில் நின்றுகொண்டே சாமந்தி மஞ்சளாக மாற்றினேன். நடுவில் ஒருவருக்குப் பதிலாக இருவர்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசி இரண்டும் நல்ல மாதங்கள். பங்குனிக்குமேல் பத்து மணிக்கெல்லாம் வண்ணம் பலகையிலேயே காய்ந்துவிடும், உங்கள் பொறுமையும் காய்ந்துவிடும். காலை முதல் பஸ்ஸில் போனால் கரிசலின் நிறம் கிடைக்கும். மதியத்துக்குமேல் எல்லாம் ஒரே சாம்பல்தான். தண்ணீரும் தொப்பியும் அவசியம். ஆட்டோ வாடகையைக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒருவரை வரைந்தால் அந்தப் படம் எங்கே, எப்படி, யார் பக்கத்தில் மாட்டப்படும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். நகல் அனுப்புவதானால் கறுப்புச் சட்டம் வேண்டாம். சிஸ்டர் சொன்னது வண்ணத்துக்குச் சரி. திருச்சுழிப் பக்கத்துக்குச் சரியல்ல.

இந்த ஒரு வருடத்தில் எது பெரியது என்று கேட்கிறார்கள். சென்னைத் தனிச் சுவர் என்றுதான் போன மாதம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பெரியதுதான், சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் கண்காட்சி நாளில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் மாட்டும்போது எனக்கு ஒரு சபலம் இருந்தது. காளியம்மாளின் முகம் படத்தில் இடப் பக்கம் திரும்பியிருக்கிறது. தம்பியின் வலப் பக்கம் மாட்டினால் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இடப் பக்கம் மாட்டினால் முதுகுதான். முதலாவதுதான் அழகு. ஆனால் திரும்பி உட்கார மாட்டேன் என்று அவர் சொல்லி, நான் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே இடப் பக்கமே மாட்டினேன். அக்காவும் தம்பியும் முதுகுப் பக்கமாக நெருங்கி நின்றார்கள்.

பதினொரு மணிக்கு இருளப்பன் வீட்டார் லோடு ஆட்டோவில் வந்திறங்கினார்கள். இருளப்பன் வெள்ளை வேட்டியோடு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். கமிஷன் கடைக்காரர்கள் வந்தபோது, “நல்லாத்தான் இருக்கேன், தொட்டுப் பாருங்க” என்று ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினார். காளியம்மாள் கழுத்தில் நிஜச் சங்கிலியோடு வந்திருந்தார். தன் படத்தைப் பார்த்தார். தம்பி படத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார்.

“செல்வி” என்றார் காளியம்மாள். “அந்தம்மாகிட்டச் சொல்லு. என்னயத் தூக்கி அந்தப் பக்கம் மாட்டச் சொல்லு.”

விருந்தினர் பேச்சை நிறுத்தினார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தேன். புது ஆணி அடித்து, படத்தைக் கழற்றி, இருளப்பனின் வலப் பக்கம் மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருளப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஏன், அந்தப் பக்கம் வெயில் அடிக்குதாமா?”

காளியம்மாள் செல்வியைத் தேடவில்லை.

“ஏலே, பேசாம நில்லு” என்றார் தம்பியிடம். “எல்லாரும் பாக்குறாக.”